ஆறு விழுந்தால் வீடு

டிலோஜினி தேவாலயப் பங்கின் இளையோருக்காக ஒரு கதை விளையாட்டை உருவாக்கியிருந்தாள். ஒரு டைஸ், ஒரு பக்க விதிகள், மற்றதெல்லாம் பேச்சுத்தான். பின்னேரம் தாய் றோஸ்மேரியைக் கதிரையில் இருத்திச் சோதித்துப் பார்த்தாள்.

"நான் கடலில வழி தவறின ஆள். நீங்கள் வீட்டில காத்திருக்கிற ஆள். நீங்கள் உருட்டி ஆறு விழுந்தால் நான் வீடு சேருவன். விளங்குதோ?"

"ஓம்."

ஒன்று விழுந்தது. பிறகு மூன்று, இரண்டு. றோஸ்மேரி ஒவ்வொரு தரமும் செபித்துவிட்டு உருட்டினாள். ஆறாம் தரம் ஆறு விழுந்தது.

டிலோஜினி மேசையில் தட்டினாள். "வந்திட்டன். கதவில தட்டுறன். என்ன செய்யிறீங்கள்?"

றோஸ்மேரி டைஸை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"இதில பிழையான பதில் இல்லை அம்மா. மனதில வாறதைச் சொல்லுங்கோ."

"திறக்க மாட்டன்."

"ஏன்? அதுக்குத்தானே இவ்வளவு நேரமும் உருட்டினனீங்கள்?"



"உன்ர அண்ணன் கடலில காணாமல்போய்ப் பத்து வருசம். அவன்ர பேரில கிடக்கிற காணியை உனக்குச் சீதனமா எழுத வேணுமெண்டு, முந்தநாள் பதிவுக் கந்தோரில அவன் செத்திட்டான் எண்டு கையெழுத்து வைச்சிட்டன் பிள்ளை. இப்ப வந்து தட்டினால், எந்த முகத்தோட நான் கதவைத் திறக்கிறது?"