நடுங்கும் மேசை

ஏழு பேர் அமர்ந்திருந்த அந்த மேசையில் அப்பாவின் கை மட்டும்தான் நோயால் நடுங்கியது. மற்ற ஆறு பேரும் வேண்டுமென்றே கையை நடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சலவைக்கடையின் மாடி அறை அது. சனிக்கிழமை மதியந்தோறும் அங்கே போக்கர் சீட்டாட்டப் போட்டி. காசு பணம் கிடையாது. வண்ண வண்ண பிளாஸ்டிக் வில்லைகள்தாம் பந்தயம். கடைசிவரை தாக்குப்பிடிப்பவர், ஒரு பித்தளைக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த சனிக்கிழமைவரை அழகு பார்க்கலாம்.

முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர் அப்பா. கைநடுக்கம் வந்தபின் நாலு பேர் எதிரில் ஒரு வாய் காபி குடிப்பதில்லை; உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் வருவதில்லை. சனிக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுவார். இன்று மாத்திரையை மறந்துவிட்டார். அதைக் கொடுக்கத்தான் அவள் வந்தாள்.

"இருபது வைக்கிறேன்!" என்றார் சலவைக்கடைக்காரர். வில்லைகளைத் தள்ளிய விரல்கள் வெடவெடவென்று ஆடின.

"என்னய்யா, ராஜா வந்து கையில உக்காந்துட்டாரா? இந்த ஆட்டம் ஆடுது!" என்றார் தபால்காரர்.

"உன் கை மட்டும் சும்மாவா இருக்கு? மாவு சலிக்கிற மாதிரி இல்ல ஆடுது!"

மேசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

தம்மைத்தான் பழித்துக் காட்டுகிறார்கள் என்பதுகூட இந்த வெள்ளை மனத்துக்குப் புரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அப்பாவுக்கு எதிரே இருந்தவரைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சென்ற மாதம் அவளுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் அவர். அன்றைக்கு மயிரிழையும் அசையாத கை, இன்றைக்குச் சீட்டைப் பிடித்தபடி கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

படித்த மனிதர்! இனி அப்பாவை இந்த மாடிப்படி ஏற விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

"டாக்டர், இருக்கிறது எல்லாத்தையும் வைக்கிறேன்!" என்று அப்பா இரு கைகளாலும் வில்லைக் குவியலைத் தள்ளினார். இரண்டு வில்லைகள் தரையில் உருண்டோடின.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்க, பல் டாக்டர் மட்டும் தவத்தில் அமர்ந்தவர்போல் அப்பாவின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெரிய சீட்டா... இல்ல சும்மா மிரட்டுறீங்களா?"

"பயமா இருந்தா எழுந்து போய்ப் பல்லு தேய்ச்சுட்டு வாங்க!"

"போங்கய்யா!" டாக்டர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

அப்பா தம்முடையதைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டும் ஏழும்! இதைவிட மட்டமான சீட்டு இந்தக் கட்டுலயே கிடையாது!"

அறை அதிர்ந்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வரும்வரை அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஓராண்டு ஆகியிருந்தது.

"வாம்மா! பாத்தியா? டாக்டரையே பல்லு இளிக்க வச்சுட்டேன்!"

மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பினாள். "டாக்டர், ஒரு நிமிஷம் வெளியில வரீங்களா?"

மாடிப்படியருகே வந்ததும் வெடித்தாள். "என் பல்லைப் பிடுங்கறப்ப இந்தக் கை ஆடலையே? வியாதிக்காரரைப் பழிச்சுக் காட்ட ஆறு பேரா? வெக்கமா இல்ல? இனிமே எங்கப்பா இங்க வரமாட்டார்."

அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாம்மா. அவர் காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டுமே!"

"வேணாம்மா. இந்த ஆட்டத்துல ஒருத்தர் கை நடுங்கினா, பெரிய சீட்டு வந்த படபடப்புன்னு அர்த்தம். எதிராளி ஒதுங்கிடுவான். வியாதி வந்ததும் உங்கப்பா, 'என் கைதான் எப்பவும் ஆடுதே, இனிமே என்னை வச்சு என்னத்தைக் கணிப்பீங்க? பரிதாபப்பட்டு விட்டுக்கொடுப்பீங்க, ஆட்டம் கெட்டுடும்'னு எழுந்து போயிட்டார். மூணு வாரம் வரல. அவர் இல்லாம எங்களுக்கும் ஆட ஓடல."

"அதுக்கு?"

"ஆறு பேரும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினோம். அப்புறம் போய், 'எங்க கையெல்லாம் கூடத்தான் ஆடுது, தைரியம் இருந்தா வந்து கண்டுபிடிங்க பாப்போம்'னு வம்புக்கு இழுத்தோம். அந்தச் சனிக்கிழமையே வந்துட்டார்!"

அவள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து ஒருத்தருக்குப் பல்லு எடுக்கப் போறேன், பழக்கதோஷத்துல கை ஆடிடுச்சு. கழுத்துல கட்டின துண்டோட ஓடினவர் இன்னும் திரும்பி வரல."

சிரிப்பை அடக்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப இப்பக்கூட வேணும்னேதான் தோத்தீங்களா?"

"இல்லம்மா! நிஜமாவே ஏமாந்துட்டேன். கையைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலையே!"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்ன டாக்டர், ஓடிட்டீங்களா? சீட்டு போட்டாச்சு!"

டாக்டர் இரு கைகளையும் உதறித் தயார்செய்துகொண்டார். கதவைத் திறக்குமுன் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தர் கை மட்டும் நடுங்கினாத்தாம்மா அது வியாதி. ஏழு பேர் கையும் நடுங்கினா, அது இந்த மேசையோட வழக்கம்."