சாம்பல் வீரனின் முகம்

நியூயார்க், 1941. காமிக்ஸ் ஓவியர் ஆப்நரின் அறைக்குள் கறுப்பு உடையில் வந்தாள் ஹில்டா.

"உங்க கதையில பேயா வர்ற சாம்பல் வீரனுக்கு என் புருஷன் முகத்தை ஏன் வரைஞ்சீங்க? மாடிப்படியில தவறி விழுந்து செத்துப்போன மனுஷன்!"

"செத்துட்டாரா? என்னம்மா சொல்றீங்க! தினம் சாயங்காலம் இங்க வந்து உட்கார்றாரே. அவரைப் பார்த்துத்தானே வரையறேன்."

ஹில்டா காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏதாவது... பேசுவாரா?"

"அதிகம் பேசமாட்டார். கடைசிப் பக்கத்துல, சாம்பல் வீரன் தன்னைப் படியிலேர்ந்து தள்ளிக் கொன்ன ஆளைப் பிடிக்கணும். அந்த முகத்தை எப்படி வரையறதுன்னு நேத்து கேட்டேன்."

"அதுக்கு?"

ஆப்நர் பென்சிலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவளையே பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

"'நாளைக்கு அவளே வருவா. பார்த்து வரைஞ்சுக்கோங்க'ன்னார்."