ஏரிக்கு நிபுணர் தேவை

இரண்டு வருடங்களாகச் சரணாலய ஏரிக்குப் பறவைகள் வரவில்லை. வனத்துறை அலுவலகத்தில் நிபுணர் பதவிக்கு நேர்காணல் நடந்தது.

"பறவை ஏன் வரலைன்னு நினைக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"கோரை மண்டிடுச்சு சார்," என்றாள் வந்திருந்தவள். "பாதியை அறுக்கணும், பாதியை விடணும். அறுத்த இடத்துல பறவை இறங்கும், விட்ட இடத்துல கூடு கட்டும்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! எத்தனை வருஷ அனுபவம்மா?"

"முப்பது. இதே ஏரியில."

"அப்புறம் ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"மனுஷங்க இருந்தா பறவை வராதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி எங்க குடிசைகளைக் காலி பண்ணீங்களே! உத்தரவுல உங்க கையெழுத்துதான் சார்."

அதிகாரி அவசரமாக நியமனப் படிவத்தை எடுத்தார். "சரி, வேலைக்கு எப்போ வர்றீங்க?"

"வேலை வேண்டாம், வீடு வேணும். வாசல்ல எங்க சனமெல்லாம் அரிவாளோட நிக்குது. பதறாதீங்க சார், கோரை அறுக்கத்தான்!"