காலி என்று காட்டிய டீபக்கர்

ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு புரோகிராமில் மழையளவு என்றொரு பட்டியல் இருந்தது. புரோகிராம் ஓடும்போதுதான் அதன் நீளமே முடிவாகும். முந்நூறு நாள் மழையை அது சுமந்து நின்றபோதும், பிழை தேட வந்த டீபக்கர் திரையில் "காலி" என்று காட்டியது.

"கண்ணைத் திறந்து பாருய்யா!" என்று கத்தியது மழையளவு.

"ஆரம்பத்திலேயே பார்த்துக் குறிச்சுட்டேன். அப்போ நீ காலிதான்."

"ஆரம்பத்துல எவன்யா நிறைஞ்சிருந்தான்? இப்போ ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?"

காலிப் பட்டியலிலிருந்து புரோகிராம் போடும் சராசரி மட்டும் எப்படிச் சரியாக வருகிறது என்று குழம்பிய புரோகிராமர் மங்களேஸ்வரி, டீபக்கரையே திருத்தினார். அதன்பின் அது ஒவ்வொரு முறையும் நீளத்தைக் கேட்டது.

"முந்நூறு!" என்றது மழையளவு, நிமிர்ந்து.

"பக்கத்துப் பட்டியல் காற்றளவு, உன் நீளம்?" என்று கேட்டது டீபக்கர்.

காற்றளவு வாய் திறப்பதற்குள் மழையளவு சொன்னது: "அதை எதுக்குக் கேட்கிறே? ஆரம்பத்திலேயே பார்த்தேன். காலி."