முப்பத்தேழாவது இழை

அந்தச் சின்னத் தொழிற்கூடத்தை அண்ணியும் நாத்தனாரும் நடத்தினார்கள். அவர்கள் செய்த நூலில் ஒரு பிளாஸ்டிக்குக்குள் இன்னொரு பிளாஸ்டிக் முப்பத்தாறு இழைகளாக ஓடும். வெளியே இருப்பதை வெந்நீரில் கரைத்துவிட்டால், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்த இழைகள் மட்டும் மிஞ்சும். தீக்காயத்தின் மேல் போர்த்த அதைத்தான் ஒரு மருத்துவர் கேட்டிருந்தார். நூலோ ஒவ்வொரு முறையும் அறுந்தது. இனிமேலும் அறுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார்.

அன்று காலை நூல் அறுபடவில்லை. நாத்தனார் ஒரு துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"அண்ணி, முப்பத்தேழு இருக்கு."

"தூக்கக் கலக்கத்துல எண்ணாத."

அண்ணியும் எண்ணினாள். முப்பத்தேழுதான். இயந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறியதும் இழைகள் இறங்கும் தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். முப்பத்தாறு துளைகள்தான் இருந்தன.

"இழுத்துப் பாத்தியா?"

"ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் அறுக்க முடியாது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உடனே அனுப்புங்கன்னார்."

அண்ணி நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"கூப்பிடாம வந்தாலும் நல்ல விருந்தாளிதான். சேர்த்தே அனுப்பு."

அப்போதுதான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நிறுத்திவைத்த இயந்திரத்தில், நூல் சுற்றும் உருளையான பாபின் சுழன்றுகொண்டிருந்தது. தட்டு இன்னும் அண்ணியின் கையில்தான் இருந்தது. அது இருந்த காலி இடத்திலிருந்து நூல் வெள்ளைவெளேரென்று, அறாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

இருவரும் பக்கத்தில் போய் நின்றார்கள். பாபின் நிரம்பிவந்தது.

"வெறும் பாபின் ஒண்ணு எடுத்துட்டு வா" என்றாள் அண்ணி.