சுவர் வாசித்த வீணை

"மாமா, உங்க பாட்டுல செவுரு ஏன் வீணை வாசிக்குது?"

மூன்று வருடங்களுக்கு முன்பு அபினவின் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு அவன் அக்கா மகள் இப்படிக் கேட்டாள். அவளிடம் சிரித்து மழுப்பினான். பேட்டி எடுக்க வந்தவர்களிடம், "அது நகரத்தோட ஆழ்மனசு" என்றான். அவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

"நானும் ஊரே அதிர பாட்டுப் போட்டவன்தான். ஒருநாள் சத்தத்தைத் துறந்துட்டேன்" என்றும் சொல்வான். டெக்னோவையும் கர்நாடக இசையையும் கலந்த டிஜே என்று புனே முழுக்கப் பெயர் வந்தது.

பெயர் வந்ததும் விஷ்ராந்த்வாடி வாடகை வீட்டைக் காலி செய்து, விமான் நகரில் வெளிச்சத்தம் நுழையாத ஸ்டுடியோ கட்டிக்கொண்டான். ஐந்து மாதமாக அங்கே ஒரு பாட்டும் உருப்படவில்லை. ஆழ்மனசும் அந்தப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாட்டு வராவிட்டால் ஆல்பம் ரத்து என்று கம்பெனி சொல்லிவிட்டது.

புதன்கிழமை மாலை, பழைய வீட்டுக்கு அடுத்த கதவைத் தட்டினான். ஸ்ரீரஞ்சனி திறந்தாள். வங்கியில் வேலை, தினமும் வந்து விளக்கேற்றியதும் அரை மணி நேரம் வீணை.

"வா அபி. காபி குடிக்கறியா?"

"மொதல்ல ஒரு விஷயம் ஆண்ட்டி. நீங்க வாசிச்சது செவுரு வழியா என் மைக்ல விழுந்துது. உங்களைக் கேக்காம எல்லாப் பாட்டுலயும் போட்டுக்கிட்டேன். உங்க பேர்கூடப் போடலை. சாரி."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் தாளத்தைக் கேட்டுத்தானே வாசிச்சேன். நீ வேகத்தைக் கூட்டினா நானும் ஓடணும். விரல் வீங்கிடும்."

அபினவ் உட்கார்ந்துவிட்டான். இரண்டு இசையையும் கலந்தவர் சுவருக்கு எந்தப் பக்கம் இருந்தார் என்று அவனுக்கு மெல்லப் புரிந்தது.

"அப்போ என் மியூசிக் உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் ஆண்ட்டி, டெய்லி?"

அவள் வீணையின் உறையைக் கழற்றினாள். "மைக் கொண்டுவந்திருக்கியா? வை. பேர் கீர் எல்லாம் வேண்டாம்."

"பேர் இல்லாம வேண்டாம். ஆல்பம் போனா போகட்டும்." அவன் பையைத் திறக்கவில்லை.

அவள் கை நின்றது. சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"அப்பாவைக் கடைசியா ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தப்போ அவருக்குத் தூக்கமே இல்லை. உன் கதவை மூணு நாள் தட்டினேன். உள்ளே இருந்த சத்தத்துல உனக்குக் கேக்கலை. அந்த வாரம்தானே உன் பெரிய ஆம்ப்ளிஃபயர் போச்சு?"

"ஆமா, திடீர்னு புகைஞ்சுது. வேற வாங்க வழியில்லாமதான் சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு ஆரம்பிச்சேன்." தன் துறவுக்கான காரணத்தை அவன் சொன்னது இதுதான் முதல் முறை.

"சாமிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன் அபி. உன்கிட்ட வாய் வரலை. அதான் வாசிச்சேன்."

"எதைச் சொல்ல?"

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்காக உன் வீட்டுச் சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போவியே. ஆம்ப்ளிஃபயர்ல தண்ணி ஊத்தினது நான்தான்."