கருவிழிக்குள் நின்றவர்

ஊரையே படமெடுத்த அப்பா, தன்னை யாரும் எடுக்கவிட்டதில்லை. அவருடைய முதல் திவசத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று, ஜன்னலோரம் அவர் எடுத்த அம்மாவின் இளவயதுப் படத்தை படம் வரையும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கொடுத்தேன். அவள் கருவிழியில் மின்னிய வெளிச்சத்துக்குள் அவரைக் கண்டுபிடித்து, அது ஓவியமாகத் தீட்டியது. மடித்துவிட்ட சட்டைக்கை, சாய்ந்த தலை. முகத்தைக் கேமரா மறைத்திருந்தது.

"கேமராவை நீக்கிவிட்டு முகத்தை ஊகித்து வரையட்டுமா?" என்றது இயந்திரம்.

நான் சரி என்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வேணாம், தமயந்தி. வெளிச்சம் சரியில்லன்னு அரைமணி நேரம் இப்படியேதான் நின்னு என்னையே பாத்துக்கிட்டிருப்பாரு. வெளிச்சம் நல்லாத்தான் இருக்கும்."

திவசத்தன்று அந்த ஓவியத்துக்கு மாலை போடப் போனேன்.

"லென்ஸை மறைக்காம போடு" என்றவள், எதிரே உட்கார்ந்து தாடையைச் சற்றே தூக்கிக்கொண்டாள்.